ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராத நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

#1 விடியல்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. பகலில் தம்பி பார்த்துக்கொள்கிறான், இரவு என் பங்கு.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்", அதாவது எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள், என்ற வேத வசனம் எழுதப் படிக்கத் தெரியும் முன்பே எனக்கு மனப்பாடம். எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் என்று சொல்லியே வளர்ந்தேன். அப்பா விழுந்த நாளிலிருந்து அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஜெபிக்கிறேன், கேட்கிறேன், கெஞ்சுகிறேன். நன்றி மட்டும் வரவில்லை.

போன வாரம் ஒரு இரவு, இரண்டு மணி இருக்கும். படுக்கை நனைந்துவிட்டது. விரிப்பை மாற்ற வேண்டுமென்றால் அவரை ஒரு பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒரு கையை அவர் தோளுக்குக் கீழே, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டுவேன். செய்து முடிக்கும்போது முதுகு விட்டுப்போகும். அன்றைக்கு நான் கை கொடுப்பதற்கு முன்பே, அப்பா இடது கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொடுத்தார். பாதிப் பாரம் இறங்கிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கே தோன்றியிருக்கிறது, மகளுக்கு முதுகு வலிக்குமே என்று.

என்னையறியாமல் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது. தெருமுனை வரை நடந்துபோய் வந்துகொண்டிருந்த மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்ததற்கா நான் நன்றி சொல்கிறேன்? இது விசுவாசமா, இல்லை என்னையே நான் ஏமாற்றிக்கொள்கிறேனா?

உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

#2 கடுகுவிதை

மகளே, அது ஏமாற்று வேலை இல்லை. நீ சொன்னதைப் படித்ததும் லூக்கா 17-தான் ஞாபகம் வந்தது.

பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்று மட்டும் இயேசு சொல்கிறார். அவர்கள் கிளம்பும்போது உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. போகையில்தான் சுத்தமானார்கள். அதில் ஒருவன் மட்டும் தன்னைப் பார்த்துக்கொள்கிறான், திரும்பி வருகிறான், முகங்குப்புற விழுந்து ஸ்தோத்திரஞ்செலுத்துகிறான். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?"

அந்த ஒன்பது பேரைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சொன்னபடி ஆசாரியரைப் பார்க்கத்தானே போனார்கள்? பத்தாவது ஆள் செய்தது ஒன்றுதான்: கவனித்தான், திரும்பினான். இரவு இரண்டு மணிக்கு நீ செய்ததும் அதுதான். கம்பியைப் பிடித்த கையைக் கவனித்தாய்.

கோபம் வந்ததைப் பற்றி வருத்தப்படாதே. நன்றியும் கோபமும் ஒரே வீட்டில் இருக்கும்.

#3 எபெனேசர்கல்

விடியல் அக்கா, நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு சின்ன நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு வரி, அதற்கு மேல் இல்லை.

முதலில் எழுதியபோது "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று எழுதினேன். நாலாவது நாள் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அதே மூன்று சொற்கள். அப்புறம் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நேற்று எழுதியிருக்க முடியாத ஒன்றைத்தான் இன்று எழுத வேண்டும். அதன்பிறகுதான் கண் திறந்தது. "தொலைந்த சாவி பையின் கிழிந்த உறைக்குள் இருந்தது." "பேசாமல் இருந்த அண்ணன் போனை எடுத்தான், நாற்பது நொடி பேசினான்." "இரவு மழையில் தூங்கினேன்." இப்படி.

என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். 1 சாமுவேல் 7-ல் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பெயரிடுகிறார். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்." எனக்கு அந்த "இம்மட்டும்" என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். நாளைக்கு என்ன ஆகும் என்று அந்தக் கல் சொல்லவில்லை. இதுவரைக்கும் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் கட்டில் கம்பியும் ஒரு "இம்மட்டும்".

#4 நிழல்மரம்

இந்த மாதிரி இழைகளில் நான் எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

என் மகன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவனுக்கு ஆறு வயது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சபையிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் அம்மா, வசனம் அப்படித்தான் சொல்கிறது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அந்தப் புத்தகத்தை மூடினேன். ஒன்றரை வருடம் திறக்கவில்லை.

நோட்டு எழுதுங்கள், சின்னச் சின்ன விஷயங்களைக் கவனியுங்கள் என்பதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிலருடைய வீட்டில் கவனிக்க மிச்சம் இருப்பது ஒரு ஜோடிச் செருப்பு மட்டும்தான். அவர்களுக்கு இந்த வசனம் என்ன சொல்கிறது?

#5 கடுகுவிதை

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்கு நடந்ததை நினைத்து மனம் வலிக்கிறது.

அந்த வார்த்தையை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. நானும் இளவயதில் துக்க வீடுகளில் இப்படி வசனத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்று அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டிய வீடுகள் எனக்கு உண்டு.

பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

#6 யாத்திரி

நிழல்மரம் அம்மாவின் கேள்வி முக்கியமானது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் கிரேக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

விடியல் அக்கா சொன்ன வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அங்கே பவுல் எழுதுவது "எல்லாவற்றிலேயும்". "எல்லாவற்றுக்காகவும்" என்று அங்கே இல்லை. நம் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பு இந்த வேற்றுமையைச் சரியாகவே பிடித்திருக்கிறது. மரணத்துக்குள் நிற்கும்போதும் தேவனிடம் பேச ஒரு நன்றி மிச்சமிருக்கலாம் என்பது வேறு. மரணத்துக்கே நன்றி சொல் என்பது வேறு. மரணத்தை அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 15-ல் "கடைசிச் சத்துரு" என்கிறார். சத்துருவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

சரி, எபேசியர் 5:20 இருக்கிறதே, அங்கே "எல்லாவற்றிற்காகவும்" என்றுதானே வருகிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், வருகிறது. அந்த வசனம் நிற்கும் இடம் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் சபையின் பாடல் வேளை. அதைப் பிய்த்து எடுத்துப் புதிய கல்லறையின் பக்கத்தில் நிற்கும் தாயின் கையில் வைப்பது சரியில்லை என்பது என் முடிவு. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு.

எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது யோவான் 11. இயேசுவின் சிநேகிதன் லாசருவின் கல்லறை. 35-ம் வசனம் "இயேசு கண்ணீர் விட்டார்." 41-ம் வசனம் "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." நடுவில் ஐந்தே வசனம். அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டு நன்றிக்கு வந்தார் என்று எங்கேயும் எழுதியில்லை. எதற்காக நன்றி சொல்கிறார் என்பதையும் பாருங்கள்: லாசரு செத்ததற்காக இல்லை. செவிகொடுத்ததற்காக.

அப்புறம் சங்கீதம் 88. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு வரி வெளிச்சம்கூடக் கிடையாது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் புத்தகத்தை மூடி வைத்த ஒன்றரை வருடமும் அந்தச் சங்கீதம் உள்ளே உங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தது என்று நான் நம்புகிறேன், அம்மா.

#7 இரவுப்பணி

#6-க்கு நன்றி. யோவான் 11-ஐ இத்தனை வருடம் படித்தும் இந்த ஐந்து வசன இடைவெளியைக் கவனித்ததே இல்லை.

#8 கேள்விக்குறி

நான் விசுவாசி இல்லை, மரியாதையோடுதான் கேட்கிறேன். நன்றியுணர்வு மனதுக்கு நல்லது என்பது உளவியலில் பேசப்படும் விஷயம். 2003-ல் எம்மன்ஸ், மெக்கலஃப் என்ற இருவர் செய்த ஆய்வு பிரபலம். ஒரு குழுவை வாரம் ஒருமுறை நன்றிக்குரிய விஷயங்களையும், இன்னொரு குழுவை எரிச்சல் தந்த விஷயங்களையும் எழுதச் சொன்னார்கள், பத்து வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். எபெனேசர்கல் வைத்திருக்கும் நோட்டும் அதுதானே? இதற்குள் கடவுள் எதற்கு?

#9 எபெனேசர்கல்

நல்ல கேள்வி அண்ணா. நோட்டு எழுதினால் மனசு லேசாகிறது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். எனக்கும் ஆகிறது.

ஆனால் எனக்குள் ஒரு வித்தியாசம் தெரிகிறது. சாவி கிடைத்ததும் "நல்லவேளை" என்று சொல்லலாம். அது காற்றில் போகிறது. "உமக்கு நன்றி" என்று சொன்னால் அது யாரிடமோ போகிறது. அந்தப் பத்தாவது ஆள் குணமானதை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கலாம், அவன் மனநிலைக்கு அது போதும். அவனுக்கு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கும் அப்படித்தான். மனசு லேசாவதற்காக மட்டும் எழுதினால், லேசாகாத நாளில் நோட்டை விட்டுவிடுவேன். ஒருவரிடம் பேசுகிறேன் என்பதால், லேசாகாத நாளிலும் பேச முடிகிறது. சில பக்கங்களில் "இன்று ஒன்றுமில்லை, ஆண்டவரே" என்றுதான் எழுதியிருக்கிறேன். அதுவும் அவரிடம் சொன்னதுதான்.

#10 கேள்விக்குறி

"இன்று ஒன்றுமில்லை" என்பதையும் ஒருவரிடம் சொல்ல முடிகிறது என்பது... சரி, யோசிக்கிறேன். நன்றி தம்பி.

#11 மாலைமணி

நான் கத்தோலிக்கர். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

நற்கருணைக்கு வழங்கும் யூக்கரிஸ்து என்ற சொல்லுக்கே பொருள் நன்றி செலுத்துதல்தான். யாத்திரி எடுத்துக்காட்டிய வசனங்களில் கிரேக்கத்தில் இருப்பதும் அதே வினைச்சொல். தெசலோனிக்கேயரிலும் அதுதான், லாசரு கல்லறையிலும் அதுதான், திரும்பி வந்த அந்தப் பத்தாவது ஆள் செய்ததும் அதுதான். அந்தச் சொல்லுக்குள்ளே "காரிஸ்", அதாவது அருள் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது எந்த இரவில்? 1 கொரிந்தியர் 11:23 சொல்கிறது, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். விடியலக்காவின் இரண்டு மணி அந்த இரவிலிருந்து ரொம்பத் தூரமில்லை என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது, புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆய்வு ஜெபம். அவர் போர்வீரராக இருந்தவர். 1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். படுக்கையில் கிடப்பது என்னவென்று தெரிந்த மனிதர். அவர் தந்த ஆய்வு ஜெபத்தில் ஐந்து படி உண்டு. பெரும்பாலானவர்கள் ஆய்வு என்றதும் பாவத்தைத் தேடுவார்கள். இஞ்ஞாசியார் முதல் படியாக வைத்தது நன்றி. அதன்பிறகுதான் ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம்.

நான் இதைப் பாத்திரம் கழுவும்போது செய்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து மணி மணியாக ஓட்டிப் பார்ப்பேன். எங்கே ஒரு சின்னச் சூடு தட்டுகிறதோ அங்கே நிறுத்துவேன். நேற்று நின்ற இடம், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கைப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டது. பெயர்கூடத் தெரியாது. அந்தத் தட்டைக் கழுவி முடிக்கும் வரை அவருக்காக ஜெபித்தேன்.

#12 கடுகுவிதை

பாத்திரம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சகோதரர் லாரன்ஸ். பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையலறையில் வருடக்கணக்காக வேலை செய்தவர், 1691-ல் காலமானார். சமையலறை வேலையே அவருக்குப் பிடிக்காது என்பதுதான் என்னைத் தொட்ட விஷயம். பிடித்த வேலையில் தேவனைக் காண்பது பெரிய காரியமில்லை. பிடிக்காத வேலையைத் தேவனுடைய முன்னிலையில் செய்வதற்கு இவர் தன்னைப் பழக்கிக்கொண்டார். பின்னாளில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழங்காலில் இருக்கும்போது கிடைக்கும் அதே அமைதி தனக்குக் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

விரிப்பு மாற்றுகிற வேலை யாருக்குத்தான் பிடிக்கும்?

#13 விடியல்

எல்லாருக்கும் என் நன்றி. நிழல்மரம் அக்கா, உங்கள் பதிவைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மாதம் மருத்துவமனையில் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அடுத்த கட்டிலில் ஒருவர், அப்பாவைவிட இளையவர், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அந்த நிலைமை அப்பாவுக்கு இல்லையே, ஸ்தோத்திரம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தெம்பாக இருக்கும். ஒருநாள் அவருடைய மனைவி என்னிடம் வந்து, "உங்க அப்பா கண்ணைத் திறந்துட்டாரா, நல்லா இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அதோடுதான் மற்ற எல்லா ஸ்தோத்திரமும் நின்றுபோனதோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

#14 யாத்திரி

அக்கா, இது ரொம்பப் பெரிய இடம். கொஞ்சம் நிற்போம்.

லூக்கா 18-ல் தேவாலயத்தில் ஜெபிக்கும் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தில் கறாரான ஆள், என்ன ஜெபிக்கிறான்? நாம் அவனைப் பெருமைக்காரன் என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அவன் ஜெபம் ஒரு நன்றி ஜெபம். மாலைமணி சொன்ன அதே கிரேக்கச் சொல்தான் அங்கேயும். "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன். நன்றி சொல்லிவிட்டு நீதிமானாக்கப்படாமல் பரிசேயன் வீட்டுக்குப் போகிறான். அவன் நன்றிக்கு இன்னொருவன் கீழே இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நிலையும் அவன் நிலையும் ஒன்றல்ல, நீங்கள் பயத்தில் பிடித்த கொம்பு அது. ஆனால் அந்த மனைவியின் ஒரு வார்த்தை அதை உங்கள் கையிலிருந்து எடுத்துவிட்டது. அவர் தன் புருஷன் கண் திறக்காதபோது உங்கள் அப்பா கண் திறந்ததற்குச் சந்தோஷப்பட்டார். நன்றி என்றால் என்ன என்று அன்று உங்களுக்குக் காட்டியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

கட்டில் கம்பியைப் பாருங்கள். அதற்கு யாரையும் கீழே வைக்க வேண்டியிருக்கவில்லை.

#15 இரவுப்பணி

நான் செவிலியர். இரவு வார்டுதான் என் வேலை. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பக்கத்து வருத்தம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஒரு நோயாளி. உடம்பெல்லாம் படுக்கைப் புண் வந்து சேர்ந்தவர். எங்கள் வார்டின் துப்புரவுப் பணியாளர் அக்கா அவரைத் தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்டார். அவர் வேலை தரையைத் துடைப்பது. ஆனாலும் நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் ஓடிவந்து கால் பக்கம் பிடிப்பார். ஆறு வாரத்தில் அந்த நோயாளி புண் ஆறி வீட்டுக்குப் போனார். குடும்பத்தார் வார்டு நடுவில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணினார்கள், "உம்முடைய கரமே தூக்கியது" என்று. ஆமென் என்று நானும் சொன்னேன். அப்புறம் அந்த அக்கா வாளியோடு ஒதுங்கி நிற்க, அவரைத் தாண்டியே போய்விட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவனுக்கு நன்றி சொன்னால் மனுஷருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

#16 மாலைமணி

யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை, சகோதரி. உரோமையர் 16-ல் பவுல் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியைப் பற்றி எழுதும்போது, தன் பிராணனைக் காக்கத் தங்கள் கழுத்தைக் கொடுத்த அவர்களுக்கு நன்றி என்கிறார். அங்கேயும் அதே சொல்தான். கடவுளுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று பவுல் இரண்டு சொல் வைத்துக்கொள்ளவில்லை. அந்த அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

#17 இரவுப்பணி

இன்று இரவு சொல்கிறேன்.

#18 புதுத்தளிர்

எனக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. கஷ்டத்தில் இருந்தபோது தினமும் ஜெபித்தேன், நன்றியும் சொன்னேன், ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் அற்புதம் மாதிரி இருந்தது. இப்போது நல்ல வேலை, வீட்டில் ஒரு குறையும் இல்லை. நன்றி என்பதே ஞாபகம் வருவதில்லை. சாப்பிடும் முன் ஜெபம் வாயில் ஓடுகிறது, கை அதற்குள் தட்டுக்குப் போய்விடுகிறது.

#19 கடுகுவிதை

தம்பி, உபாகமம் 8-ஐ எடுத்துப் பார். நாம் சாப்பிடும் முன் ஜெபிக்கிறோம், அங்கே சொல்லியிருப்பது சாப்பிட்ட பிறகு: நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில் அவரை ஸ்தோத்திரிக்கக்கடவாய் என்று. பசியோடு இருப்பவனுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை, வயிறு நிறைந்தவனுக்குத்தான் தேவை என்று மோசே தெரிந்து வைத்திருக்கிறார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி 17-ம் வசனத்தில் நம் வாயில் வரப்போகும் வசனத்தையும் முன்கூட்டியே எழுதிவிட்டார்: "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" இதைச் சம்பாதித்தது.

ஒரு வாரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஜெபித்துப் பார். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன். நிறைந்த வயிற்றோடு சொல்லும் நன்றிக்கு ருசியே வேறு.

அப்புறம் விடியல் மகளுக்கும் ஒன்று. அப்போஸ்தலர் 27. பதினாலு நாள் புயல், கப்பலில் 276 பேர், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கைதியாகப் போகும் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கு முன்பாகவும் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறார். அந்த நேரத்தில் புயல் ஓயவில்லை. ஒருவர் உயிரும் போகாது, கப்பல் மட்டும் சேதமாகும் என்று தேவதூதன் சொன்னதை அவர் ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அந்தக் கப்பலில் உட்கார்ந்துகொண்டுதான் நன்றி சொல்கிறார். அப்படியே சற்று நேரத்தில் கப்பல் உடைந்தது. "அப்பொழுது எல்லாரும் திடமனப்பட்டுப் புசித்தார்கள்" என்று இருக்கிறது. தனக்காக மட்டும் அவர் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சுற்றியிருந்த 275 பேருக்கும் சாப்பிடத் தெம்பு வந்தது.

#20 எபெனேசர்கல்

கடுகுவிதை ஐயா சொன்னதோடு சேர்த்து மார்ட்டின் ரிங்கார்ட்டைச் சொல்லலாம். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் போதகர். முப்பதாண்டுப் போர்க் காலம். 1637-ல் கொள்ளைநோய் வந்து, ஊரில் மிஞ்சிய ஒரே போதகர் அவர்தான். அந்த ஒரு வருடத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்தினார். அவருடைய மனைவியும் அந்த வருடம்தான் போனார். இன்று உலகம் முழுக்கச் சபைகளில் பாடும் நன்றிப் பாடல் ஒன்று அந்த மனிதர் எழுதியது. பெரிய ஆராதனைக்கென்று எழுதியதில்லை, வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஜெபமாகச் சொல்ல எழுதியது. இன்றைக்கும் எனக்கு அதைக் கேட்டால் ஒரு மேசையும் சில காலி நாற்காலிகளும்தான் கண்ணில் வருகின்றன.

#21 நிழல்மரம்

காலி நாற்காலி என்று படித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது.

யாத்திரி தம்பி, சங்கீதம் 88-ஐ எடுத்துப் படித்தேன். இப்படியும் ஜெபிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று தடவை படித்தேன். அழுதேன். ஆனால் வேதத்தை மூடி வைக்கவில்லை.

அவன் செருப்பைப் பற்றி எழுதினேன் அல்லவா. நீல நிறம். இடது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும், அவன் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடுவான். நேற்று அதை எடுத்துத் துடைத்தேன். அவன் போனதற்கு நான் எப்போதும் நன்றி சொல்ல மாட்டேன். தேவன் அதைக் கேட்கவில்லை என்று இங்கே படித்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. ஆனால் அவன் ஓடினான். ஆறு வருடம் இந்த வீட்டில் ஓடினான். அதற்குச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

#22 கடுகுவிதை

அம்மா. உங்கள் பிள்ளையின் ஆறு வருடத்துக்காக இன்று இரவு நானும் சொல்கிறேன்.

#23 கேள்விக்குறி

நான் ஜெபிப்பவன் இல்லை. ஆனால் நானும் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன், அம்மா.

#24 இரவுப்பணி

அந்த அக்காவிடம் சொன்னேன். பிரிஸ்கில்லாள் கதையையும் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "அந்த ஐயா இப்ப எப்படி இருக்காராம்?" என்றுதான் கேட்டார்.

#25 விடியல்

எபெனேசர்கல் தம்பி சொன்ன மாதிரி ஒரு நோட்டு வாங்கினேன். ஐந்து வரி ஆகியிருக்கிறது. அதில் ஒன்று, மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்தவருடைய மனைவிக்கு போன் செய்தது. நம்பர் இருந்தும் இத்தனை மாதம் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்காரர் இரண்டு மாதம் முன்பு போய்விட்டார். "நீங்க கூப்பிட்டதே பெரிசு" என்றார். அரை மணி நேரம் பேசினோம். பெரும்பாலும் அவர்தான் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம் போகவில்லை. நேற்றும் வந்தது. அதையும் ஆண்டவரிடமே சொன்னேன், சங்கீதக்காரன் சொன்ன மாதிரி.

இன்று காலை அப்பாவுக்குச் சட்டை போட்டேன். பொத்தான் போடப்போன என் கையைத் தள்ளிவிட்டார். இடது கையாலேயே முதல் பொத்தானைப் போட்டார், ரொம்ப நேரம் ஆனது. இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதில் விரல் நழுவி நழுவி, கடைசியில் என்னைப் பார்த்தார். நான் போட்டுவிட்டேன். அவர் ஏதோ சொன்னார், குழறியதில் முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னபோதுதான் "தேங்க்ஸ்மா" என்பது விளங்கியது.

ஆறாவது வரி அதுதான்.